செருப்பையும் கொண்டு வாருங்கள்

"கால், கணுக்கால் பற்றிய கேள்விகளை அனுப்புங்கள்" என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை உவர்மலை வீட்டு விறாந்தையில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிப் பேர் "என்ன பூசலாம்?" என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் "என்ன குளிசை?" என்கிறார்கள். நாள் முழுவதும் எதன் மேல் நிற்கிறேன், எதைப் போட்டு நடக்கிறேன் என்று எழுதியவர்கள் மூன்றே மூன்று பேர்.

31 வருடம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் நான். கால் நோ என்று யார் வந்தாலும் முதலில் "செருப்பு எங்கே?" என்றுதான் கேட்பேன். வாசலில் கழற்றிவிட்டு வந்திருப்பார்கள். எடுத்து வரச் சொன்னால் கூச்சம். சிலர் சொப்பிங் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்து, மேசைக்குக் கீழே மெதுவாக நீட்டுவார்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த விரல் குழி பறித்திருக்கிறது, எத்தனை வருடப் பழசு என்று எல்லாம் தெரியும். ஆள் சொல்ல மறந்ததையும் செருப்பு சொல்லிவிடும்.

சரி, கடிதங்களுக்கு வருவோம்.

மிஸ், எனக்கு 46 வயது. காலையில் கட்டிலால் இறங்கிக் குதிக்காலை நிலத்தில் வைத்தால் ஆணி ஏறுவது போல இருக்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. பாடசாலை விட்டு வந்து கதிரையில் இருந்துவிட்டு எழும்பினால் மறுபடி வருகிறது. எக்ஸ்-ரேயில் எலும்பு முள்ளுப் போல வளர்ந்திருக்கிறதாம். வெட்டி எடுத்தால்தான் மாறும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். ஐந்து மாதமாகிவிட்டது.
— ஆசிரியை, நிலாவெளி

வெட்ட வேண்டாம் டீச்சர். அந்த அக்காவுக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள்.

குதிக்கால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரைக்கும் உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அது. நின்று நின்று, குதிக்காலில் அது ஒட்டியிருக்கிற இடம் நைந்துபோகிறது. இரவில் படுத்திருக்கும்போது பாதம் கீழே சரிந்திருக்கும், பட்டையும் சுருங்கிக் கிடக்கும். விடிய எழும்பி முதல் அடி வைத்ததும் உடம்புப் பாரம் முழுவதும் அதை ஒரே இழுவையாக இழுக்கிறது. அதுதான் அந்த ஆணி. கொஞ்சம் நடந்ததும் இளகிக் கொடுக்கும். எக்ஸ்-ரேயில் தெரிகிற முள்ளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குதிக்கால் நோவே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது. நோ மாறிய பிறகும் முள் அப்படியே இருக்கும்.

நாளையில் இருந்து, கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நோகிற காலை மற்றத் தொடையின் மேல் போடுங்கள். கையால் ஐந்து விரல்களையும் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். உள்ளங்காலில் அந்தப் பட்டை வீணைக் கம்பி போல விறைத்து எழும்புவதை மற்றக் கையால் தடவிப் பார்க்கலாம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. பாடசாலையில் இடைவேளைக்கு ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. அதோடு, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, நோகிற காலைப் பின்னால் நீட்டிக் குதிக்காலை எடுக்காமல் முன்னுக்குச் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். 30 எண்ணும்வரை, மூன்று தடவை. கெண்டைத் தசை இறுகியிருந்தால் குதிக்கால் ஆறாது. இரவில் ஒரு போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலுக்குக் கீழே பத்து நிமிடம் உருட்டலாம். சுகமாக இருக்கும், ஆனால் குணமாக்குவது அந்த இழுவைப் பயிற்சிதான்.

இனிச் செருப்பு. நான் பார்க்கவில்லை, ஊகிக்கிறேன்: சேலைக்குப் பொருத்தமாக, அட்டை போல மெல்லிய அடி, பின்வார் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதையும் கழற்றிவிட்டு டைல்ஸ் நிலத்தில் வெறுங்காலோடு குசினி வேலை. சரியா? எட்டுப் பாடவேளை நிற்கிற காலுக்கு விரலை விடக் குதிக்கால் சற்று உயர்ந்த, பின்வார் உள்ள, அடிப்பகுதி முறுக்கினால் துணி போலச் சுருளாத செருப்பு வேண்டும். வீட்டுக்குள் போட என்று தனியாக ஒரு சோடி வாங்குங்கள். நம் வீடுகளில் இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு, "வீட்டுக்குள் செருப்பா?" என்று. வாசல் தாண்டாத செருப்பு என்று சொல்லிப் பாருங்கள். என் மாமியார்கூட ஆறு மாதத்தில் ஒத்துக்கொண்டார்.

நிலாவெளியில் இருப்பதால் "கடற்கரை மணலில் நட, நல்லது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இப்போதைக்கு வேண்டாம். பொத பொதவென்ற மணலில் குதிக்கால் புதைய, அந்தப் பட்டை இன்னும் இழுபடும். ஊசி போடலாமா என்றால், சில கிழமைக்கு நோ குறையும். ஆனால் அடிக்கடி போட்டால் பட்டை அறுந்துபோகவும் குதிக்காலின் கொழுப்பு மெத்தை தேயவும் இடமுண்டு. கடைசிப் படியாக வைத்திருங்கள். இது மெதுவாக ஆறுகிற வருத்தம், மாதக் கணக்கு. பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடும்.

ஒரு விலக்கு. வயது நாற்பதுக்குள், இரண்டு குதிக்காலும் நோகிறது, காலையில் இடுப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருக்கிறது என்றால் அது வேறு வருத்தமாக இருக்கலாம். அவர்கள் டொக்டரைப் பார்க்க வேண்டும்.

அன்ரி, நான் ஏகாம்பரம் மைதானத்தில் பந்து விளையாடுகிறேன். போன கிழமை வலது கால் உள்ளுக்கு மடங்கிப் பிரண்டுவிட்டது. போன வருடமும் இதே கால்தான். அம்மம்மா எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டார். வீக்கம் இன்னும் வற்றவில்லை, நீலமாக இருக்கிறது. அடுத்த மாதம் மட்ச் இருக்கிறது.
— 19 வயது, திருகோணமலை நகரம்

தம்பி, அம்மம்மாவின் அன்பில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை. கால் பிரண்டதும் உள்ளே நார்கள் கிழிந்து இரத்தம் கசிகிறது. அந்த நேரம் சூடு பிடிப்பதும் உருவுவதும் கசிவைக் கூட்டும். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய், ஒத்தடம், உருவுதல் எதுவும் வேண்டாம். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஐஸை நேரே தோலில் வைக்கக் கூடாது. விரலடியில் இருந்து மேல்நோக்கிக் கிரேப் பண்டேஜ், விரல் நீலமாகாத இறுக்கத்தில். படுக்கும்போது கால் தலையணை மேல்.

எலும்பு முறிந்திருக்குமோ என்று எப்படி அறிவது? பிரண்ட உடனேயும் அதற்குப் பிறகும் நொண்டியாவது நாலு அடி வைக்க முடிந்ததா என்று பாருங்கள். பிறகு விரலால் அழுத்துங்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் மொழி எலும்பு துருத்தி நிற்கிறதல்லவா, அதன் பின்விளிம்பிலும் நுனியிலும். பாதத்தின் வெளிப்பக்கம், சின்ன விரலில் இருந்து பின்னால் வந்தால் நடுவில் தட்டுப்படுகிற முட்டிலும். அதற்கு நேரே உள்பக்கம், வளைவின் மேலே இருக்கிற எலும்பிலும். இந்த இடங்களில் எலும்பிலேயே நோகிறது, அல்லது நாலு அடி வைக்க ஏலாது என்றால் எக்ஸ்-ரே எடுங்கள். மொழிக்கு முன்னாலும் கீழேயும் உள்ள மெத்தென்ற இடத்தில் மட்டும் நோ என்றால் பெரும்பாலும் நார்தான்.

எனக்கே நடந்த கதை ஒன்று. பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, மான் ஒன்று ஒரு பிள்ளையின் கையில் இருந்த வாழைப்பழத்தைப் பறிப்பதைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். காலுக்குக் கீழே பள்ளம். ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்த கணுக்கால் அங்கேயே மடங்கியது. வெட்கத்தில் "ஒன்றுமில்லை" என்று ஓட்டோவில் ஏறி வந்து, மூன்றாம் நாளே சந்தைக்கும் போனேன். இரண்டு மாதம் இழுத்தது. பயிற்சி செய்யாமல் விட்ட கால் திரும்பவும் பிரளும் என்று மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்.

உனக்கு இரண்டாம் தடவை வந்ததற்கும் காரணம் அதுதான். நார் ஆறினாலும், கால் எங்கே சரிகிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வு தானாகத் திரும்பாது. பழக்க வேண்டும். கதிரையில் இருந்து காலை நீட்டிப் பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுது. 'இ'யும் 'ஐ'யும் எழுதும்போது நன்றாகச் சுழலும். நோ குறைந்ததும், பல் தீட்டுகிற நேரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில் நில். அது லேசானால் கண்ணை மூடிக்கொண்டு நில், சுவர் பக்கத்தில். அப்புறம் ஒற்றைக் குதிக்காலை உயர்த்தி இறக்குவது. அதே காலில் நோவில்லாமல் பத்துத் தடவை துள்ள முடிந்து, எட்டுப் போட்டு ஓட முடிந்தால் மட்ச் விளையாடு. முடியாவிட்டால் வாங்கில் இருந்து கைதட்டு. விளையாடும்போது கணுக்கால் பட்டி போட்டுக்கொள். சப்பாத்துக் கயிற்றைக் கடைசித் துளைவரை கட்டு.

எங்கள் உம்மாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சீனி வருத்தம். ஐந்து வேளையும் தொழுகிறவர். சின்ன விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி வெடித்திருக்கிறது. கேட்டால் "நோ இல்லை, பஞ்சில் நடப்பது போல இருக்கிறது" என்கிறார். கால் உளைவுக்கு உப்புப் போட்ட சுடுதண்ணீரில் பாதத்தை வைத்ததில் இரண்டு கொப்புளம் வந்துவிட்டது. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போகலாமா என்று யோசிக்கிறோம்.
— மகள், கிண்ணியா

மகள், வந்த கடிதங்களில் எனக்குப் பயம் தந்தது உங்களுடையதுதான். இதழ் கைக்கு வரும்வரை காத்திராமல் பதிலைத் தபாலிலும் அனுப்பினேன். கொப்புளத்தை இன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வீட்டில் உடைக்க வேண்டாம்.

"நோ இல்லை" என்று உம்மா சொல்வது நல்ல செய்தி அல்ல. சீனி கூடி நிற்கும்போது பாதத்தின் நரம்புகள் மெதுவாகச் செத்துப்போகின்றன. நீண்ட நரம்பு முதலில் பழுதாவதால் விரல் நுனியில் தொடங்கும். பஞ்சு மாதிரி இருக்கிறது, எறும்பு ஊர்கிறது, செருப்புக் கழன்றது தெரியவில்லை என்று சொல்லத் தொடங்குவார்கள். நோ என்பது உடம்பின் காவல்நாய். அது குரைக்காத வீட்டில் கள்ளன் குசினிவரை வந்துவிடுவான். ஒருமுறை ஒருவர் வந்தார், மத்தியான வெயிலில் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றியவர். கருங்கல் கொதித்தது அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சீமெந்து நிலத்தில் நடந்தபோது பின்னால் ஈரத் தடம் விழுவதைப் பேரப்பிள்ளைதான் கண்டது. இரண்டு உள்ளங்காலிலும் தோல் உரிந்திருந்தது. ஆற நான்கு மாதம்.

உணர்வு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். உம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒரு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். தொட்டது தெரிந்தால் சொல்லட்டும். ஆறு இடத்தில் இரண்டையோ அதற்கு மேலோ அவர் தவறவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது. கிளினிக்கில் இதையே தங்கூசி போன்ற ஒரு நைலோன் இழையால் பார்ப்பார்கள். 10 கிராம் பாரத்தில் வளைகிற இழை. வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் நெரிசலில் விட்டுப்போகும்.

விரல் இடுக்கு ஊறியிருப்பது பங்கசு, அதாவது பூஞ்சை. ஒரு நாளில் ஐந்து தடவை வுழூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்து, ஈரத்தோடு செருப்பில் காலை நுழைத்தால் அங்கே காய நேரமே இல்லை. வுழூவுக்குப் பிறகு பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்கையும் வடிவாக ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. தொழுகைப் பாயின் பக்கத்திலேயே ஒரு சின்னத் துவாய் மடித்து வைத்துவிடுங்கள், மறக்காது. அந்த இடத்துக்கு டொக்டர் தருகிற கிறீம் மட்டும். குதிக்கால் வறண்டிருந்தால் வாசலின் பூசலாம், விரல் இடுக்கில் பூசக் கூடாது.

சுடுதண்ணீர் வாளி இனி வேண்டாம், உப்புப் போட்டாலும் போடாவிட்டாலும். குளிக்கிற தண்ணீரின் சூட்டையும் உங்கள் முழங்கையால் பாருங்கள், அவருடைய காலால் அல்ல. கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கொப்புளமும் வெடிப்பும் முற்றாக ஆறிய பிறகு, சூடு குறைந்த கிணற்றில் அள்ளி நீங்கள் பார்த்து ஊற்றினால் குளித்துவிட்டு வரட்டும். காலை ஊற வைக்காமல், செருப்போடு. கால் உளைவுக்கு அது மருந்து என்று எண்ணிப் போக வேண்டாம்.

இரவு படுக்குமுன் நீங்கள் அவருடைய பாதத்தைப் பாருங்கள். நீங்கள் இல்லாத நாளில் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்து அவரே பார்க்கலாம். விரலிடையில் கொளுவுகிற இறப்பர் செருப்பு இந்தக் காலுக்கு ஆகாது. அந்த முளை இடுக்கைத் தேய்க்கும், கழன்றாலும் தெரியாது. பின்வாரும் மெத்தையும் உள்ளது வாங்குங்கள், பின்னேரத்தில் போய், கால் சற்று வீங்கியிருக்கிற நேரத்தில். போடுமுன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கைவிட்டுத் தட்டிப் பார்க்கட்டும். ஒருவருடைய செருப்புக்குள் புளியங்கொட்டை இரண்டு நாள் இருந்த கதை என்னிடம் உண்டு.

கறுப்பு நிறம், நாற்றம், சீழ், மேலே ஏறுகிற சிவப்பு, காய்ச்சல், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் அப்படித்தான். நோ இல்லையே என்று நடக்க விடாதீர்கள், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

விதைப்பு நேரம் வந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண். ஒவ்வொரு போகமும் இதே பாடு. பூட்ஸ் போட்டால் சேற்றில் புதைந்து கழன்றுவிடுகிறது. பார்மசியில் தந்த கிறீம் இரண்டு நாளில் நிற்பாட்டுகிறது, பிறகு கூடி வருகிறது.
— விவசாயி, தம்பலகாமம்

அண்ணை, இரண்டு நாளில் கடியை நிறுத்துகிற கிறீமில் பெரும்பாலும் ஸ்டெரொயிட் கலந்திருக்கும். கடி அடங்கும், பங்கசு உள்ளே வளரும். டியூப்பைக் கொண்டுபோய்க் காட்டி, ஸ்டெரொயிட் இல்லாத பங்கசுக் கிறீம் கேளுங்கள். குளோட்ரிமசோல் என்றால் புண் மாறிய பிறகும் இரண்டு கிழமை பூச வேண்டும். மாறிவிட்டது என்று நீங்கள் நிறுத்துகிற அன்று அது சும்மா மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வயலில் பூட்ஸ் நிற்காது என்பது எனக்கும் தெரியும். அதைப் போடு என்று கதிரையில் இருந்து சொல்வது லேசு. வரம்பில் ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காலைக் காற்றாட விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் கால் காய்ந்திருந்தாலே பாதி வருத்தம் குறையும். சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டு அதே சாரத்தோடு படுக்காதீர்கள், தொடையிடுக்குக்கும் பரவும்.

பங்கசை விடப் பெரிய ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் இருந்து, அந்த வெடித்த தோல் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. வயலில் இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால், கிழமைக்கு ஒரு தடவை எடுக்கிற டொக்சிசைக்கிளின் பற்றிச் சொல்வார். வயலில் நின்ற நாட்களுக்குப் பிறகு காய்ச்சலும், கெண்டைக்காலைத் தொட முடியாத நோவும், கண் சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். "நான் வயலில் இறங்கினேன்" என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கரைவலை இழுக்கும்போது திருக்கை குத்தினால் சிலர் சுடுதண்ணீர் என்கிறார்கள், சிலர் ஐஸ் என்கிறார்கள். எது சரி?
— திருக்கடலூர்

சுடுதண்ணீர். திருக்கையின் நஞ்சு சூட்டில் கெடுகிற நஞ்சு. பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாமல், குத்துப்பட்ட காலை அரை மணி முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை வைத்திருக்க வேண்டும். ஆறினால் ஊற்றிக் கூட்டுங்கள். சூட்டை மற்றக் காலால் பாருங்கள். நோவில் துடிக்கிற கால் சூட்டை ஒழுங்காகச் சொல்லாது. சீனி வருத்தத்தால் கால் மரத்தவர் என்றால் வேறொருவர் கையால் பார்க்க வேண்டும். கல்மீன் குத்துக்கும் இதே முறைதான். பிறகு கட்டாயம் ஆஸ்பத்திரி: முள்ளுத் துண்டு உள்ளே இருக்கலாம், ஏற்புவலி ஊசியும் தேவைப்படலாம். ஆழம் குறைந்த மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டு நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். இது உங்கள் பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புறாமலைப் பக்கம் முருகைக்கல் கீறினால் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கீறல் பார்ப்பதற்குச் சின்னது, ஆற நாளெடுக்கும்.

கந்தோரில் இருந்து வரும்போது இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. அழுத்தினால் குழி விழுகிறது. காலையில் வற்றிவிடும். மூன்று மாதமாக. பிரஷர் குளிசை எடுக்கிறேன். நீர்க் குளிசை வாங்கிப் போடலாமா?
— எழுதுவினைஞர், 54, உப்புவெளி

பிரஷருக்கு என்ன குளிசை, எப்போது தொடங்கினீர்கள்? அம்லோடிபின் என்றால், மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியதோ கூட்டியதோ என்றால், வீக்கம் அதனாலாக இருக்க நிறைய இடமுண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். நீர்க் குளிசை அந்த வீக்கத்துக்கு அவ்வளவாகக் கேட்காது, சில நீர்க் குளிசைகள் யூரிக் அமிலத்தையும் கூட்டிப் பெருவிரலில் கவுட் என்கிற மூட்டு நோவை வர வைக்கும். ஒன்றை மாற்றப் போய் இன்னொன்று. மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், உருவவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

நாலு வயது மகனின் பாதம் தட்டையாக இருக்கிறது. விசேட சப்பாத்துப் போட வேண்டுமா?
— தாய், சாம்பல்தீவு

வேண்டாம். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால் அது சாதாரணப் பிள்ளைப் பாதம், வளர வளர உருவாகும். நோ இருந்தால், அல்லது நுனிக்காலிலும் தட்டையாக, விறைப்பாக இருந்தால் காட்டுங்கள். மணலில் வெறுங்காலோடு ஓடி விளையாடட்டும். முள்ளும் போத்தல் ஓடும் இல்லாத மணலாக இருந்தால் சரி.

ஆணிக்காலைச் சலூனில் பிளேட்டால் சீவுகிறேன், இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது.
— கடை வைத்திருப்பவர், மூதூர்

வரும். செருப்பு அதே இடத்தில் அழுத்துகிறவரை வரும். ஒரு கடதாசியில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு கீறி, வெட்டி, உங்கள் சப்பாத்துக்குள் வைத்துப் பாருங்கள். மடிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுடையது அல்ல. குளித்த பிறகு தோல் மெத்தென்று இருக்கும்போது நுரைக்கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். பிளேட் வேண்டாம். ஆணி பிளாஸ்ரரில் உள்ள அமிலம் நல்ல தோலையும் தின்னும், சீனி உள்ளவர்கள் தொடவே கூடாது. நேரே அழுத்துவதை விட இரண்டு பக்கமும் நசுக்கினால் கூடுதலாக நோகிறது, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன என்றால் அது ஆணியே அல்ல, மரு. அதற்கு வைத்தியம் வேறு.

கச்சான் காற்று தொடங்கினால் குதிக்கால் வெடித்து இரத்தம் வருகிறது.
— குச்சவெளி

இரவு கால் கழுவி, ஈரம் முற்றாகக் காயுமுன் வாசலின் தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். யூரியா சேர்ந்த கிறீம் கிடைத்தால் இன்னும் நல்லது. தேங்காய் எண்ணெய் என்றாலும் பிழையில்லை. காற்று தொடங்க இரண்டு கிழமை முன்பே ஆரம்பியுங்கள். வெடித்த பிறகு பூசினால் எரிகிறது என்று விட்டுவிடுவீர்கள்.

நான் 68 வயதில் முதல் தடவையாகக் கதிர்காமம் பாதயாத்திரை போக நேர்ந்திருக்கிறேன். செல்வச்சந்நிதியில் இருந்து வருகிறவர்களோடு இங்கிருந்து சேர்வதாக எண்ணம். வெறுங்காலோடு போவதா, செருப்போடா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், திருகோணமலை

ஐயா, நேர்த்தி உங்களுக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது, அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் முதலில் சீனி சோதித்து, மேலே சொன்ன ஆறு விரல் சோதனையையும் செய்துவிடுங்கள். உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் பேச்சே வேண்டாம், முருகன் கோபிக்க மாட்டான்.

உணர்வு சரி என்றால் இரண்டு மாதத்துக்கு முன்னமே நடக்கத் தொடங்குங்கள். கடற்கரை வீதியில் விடிய ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கூட்டி. தார் றோட்டில் வெயில் ஏறிய பிறகு செருப்பைப் போடுங்கள். உகந்தைக்கு அப்பால் காட்டு மணலில் கழற்றி நடப்பதற்கு நேரம் இருக்கிறது. புதுச் செருப்பு வேண்டாம், இரண்டு மாதமும் போட்டுப் பழகியதே போகட்டும். விரலிடுக்கிலும் குதிக்கால் ஓரத்திலும் காலையில் வாசலின் தடவினால் உராய்வு குறையும். தோல் சூடாகி எரியத் தொடங்குகிறபோதே நின்று ஒரு பிளாஸ்ரர் ஒட்டுங்கள். வெருகல் போய்ப் பார்ப்போம் என்று தள்ளிப் போட்டால் வெருகலில் கொப்புளம் நிற்கும்.

சின்னக் கொப்புளத்தை விட்டுவிடுங்கள். பெரியது, நடக்க ஏலாது என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் ஒரு துளை போட்டு நீரை வடிய விடலாம். மேல் தோலை உரிக்கக் கூடாது, அதுதான் உங்களிடம் இருக்கிற நல்ல பிளாஸ்ரர். சுற்றிச் சிவந்தாலோ சீழ் பிடித்தாலோ அடுத்து வருகிற ஆஸ்பத்திரியில் நில்லுங்கள், கூட்டம் முன்னே போனாலும். பையில் இரண்டு சோடிப் பருத்திக் காலுறை, ஒரு சின்னத் துவாய், பிளாஸ்ரர். திருநீற்றுப் பையோடு சேர்த்து வைத்தால் தேட வேண்டியிருக்காது.

போய் வந்து ஒரு கடிதம் போடுங்கள். தபால்காரராக இருந்தவர், நடை பழக்கம் என்னை விட உங்களுக்குத்தான் கூட. முடிந்தால் செருப்பையும் கொண்டு வாருங்கள், எந்தப் பக்கம் தேய்ந்தது என்று பார்க்க வேண்டும்.